ஏரிக்கு உறை ஊற்றியவள்

கார்த்திகை, ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பி கௌசிக்குக்கு,

அக்கா வித்யா எழுதுவது. நலம், நலம் என்று ஆரம்பித்துவிட்டால் மேற்கொண்டு எழுத ஒன்றும் மிஞ்சாது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போனில் பேசாமல் எதற்காகக் காகிதத்தில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா காதில் விழும். வாதம் வந்து வலது கையும் காலும் போனாலும், காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று படுத்தபடியே சொல்கிறாள். நீயோ கனடாவிலிருந்து கூப்பிட்டால் பாதிப் பேச்சில் மீட்டிங் என்று ஓடிவிடுகிறாய். காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் நீ எங்கேயும் ஓட முடியாது.

முதலில் என் சங்கதி. ஆடியிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை இனிமேல் தள்ள முடியாதாம். கர்ப்பப்பைக் கட்டி பெரிதாகிவிட்டது, எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ரத்தம் ரொம்பக் குறைந்துபோய், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே தலை சுற்றுகிறது. தை கடைசியில் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். ஆபரேஷன் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம், அங்கேதான் இடிக்கிறது. அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்குகிறவள் நான். பகலில் பார்த்துக்கொள்ள வரும் சௌந்திரம், அதே தை கடைசியில் மகள் பிரசவத்துக்குப் பள்ளிபாளையம் போய்விடுவாள். புதிதாக ஆள் வைக்கலாமென்றால் அம்மா தொட விடுவதில்லை. போன தடவை வந்தவளைக் கடித்தே விட்டாள். நீ வந்து இரு என்று சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இனி உன் சங்கதி. உங்கள் கம்பெனி செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் ஏழு தேசம் உண்டு, அதில் உறைந்த ஏரி ஒன்று உன் பங்குக்கு வந்திருக்கிறது, படம் நீ வரைந்துவிடுவாய், ஆனால் அந்த ஏரிக்குப் பூகோளமும் சரித்திரமும் எழுதிக் கொடுக்காவிட்டால் வேலை வேறொருவன் கைக்குப் போய்விடும் என்று புலம்பியிருந்தாய். பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள் ஒரு ஏரிக்கு எழுத மாட்டாயா என்று வேறு கேட்டாய். நல்ல கூத்து. உன் ஊரிலேயே ஏரி உறைகிறதே, போய்ப் பார்த்து எழுதினால் என்ன? அதை எல்லாரும் எழுதிவிட்டார்களாம், யாரும் எழுதாததாக வேண்டுமாம். சரி, இருக்கிற விடைத்தாள் கட்டோடு இதுவும் ஒன்று.

நீ அனுப்பிய குரல் செய்தியைச் சமையல் செய்துகொண்டே சத்தமாகப் போட்டிருந்தேன். உறைஞ்ச ஏரி என்று நீ சொன்னது அம்மா காதில் விழுந்துவிட்டது. அவள் பேச்சு இப்போது எனக்கும் சௌந்திரத்துக்கும்தான் புரியும். குழறிக் குழறிக் கூப்பிட்டு, “ஏஞ்சாமி, ஏரி முச்சூடும் ஒறைஞ்சு போச்சா? அத்தன தண்ணிக்கு யாரு ஒறை ஊத்துனது?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது, வயிறு வலித்தது. அது தயிர் இல்லை அம்மா, ஐஸ் என்று சொல்லிப் பார்த்தேன். ஏரியில் கொண்டுபோய் எவனாவது ஐஸ் வைப்பானா என்று என்னைப் பைத்தியக்காரியாக்கிவிட்டாள். அவளைப் பொறுத்தவரை உறைவது பால் ஒன்றுதான்.

அப்புறம் யோசித்தேன். அதில் என்ன தப்பு? பாலுக்கும் தண்ணீருக்கும் நம் பாஷையில் ஒரே சொல்தானே. யாரும் எழுதாதது வேண்டும் என்றாயே, இந்தா பிடி.

ஏரியின் பெயர் உறையேரி. வடக்கே மொட்டைக் கரடு, அதில் ஆடு மேய்க்கக்கூடப் புல் கிடையாது. கரட்டில் வெள்ளைக்கல் வெட்டுகிறார்கள், அடிவாரத்தில் இருக்கும் ஊர் வடகரை. தெற்கே நீளமான மண் கரை, கரை மேல் இருப்பது தென்கரை. வயல், வீடு, கோயில் எல்லாம் தென்கரையில். வேலை எல்லாம் வடகரையில். கிழக்கே மதகும் அதற்கு அப்பால் ஆழமான ஓடையும். மேற்கே பெயர் வைக்காத காடு, அதற்குள் போனவர் திரும்பியதில்லை. ஆகவே சுற்றிக்கொண்டு போக வழி இல்லை. நடுவில் சுழல் இருப்பதால் பரிசலும் நிற்காது. இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போக வேண்டுமானால் ஏரி உறைய வேண்டும்.

உன் உலகத்தில் இரண்டு நிலா என்றாய். அப்படியானால் அமாவாசைக்கு இரண்டும் சேர்ந்தல்லவா மறைய வேண்டும்? வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை அப்படி அமைகிறது என்று வைத்துக்கொள். அன்றைக்குத்தான் ஏரிக்கு உறை ஊற்றுவார்கள். பொழுது விடிந்தால் ஏரி கட்டியாகிவிடும். பங்குனி வெயில் ஏறும்போது நெகிழ்ந்து தண்ணீராகிவிடும். கண்ணாடி மாதிரி இருக்கும் என்று வரைந்துவிடாதே. வெள்ளையாக இருக்கும், மேலே ஆடை கட்டியிருக்கும். முதல் அடி வைக்கும்போது ஆடை சுருங்கும், பிறகு தாங்கும். ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கும், அங்கே கால் வைக்கக் கூடாது.

குளிர் எவ்வளவு என்று கேட்பாய். நமக்குத் தெரிந்த குளிர் மார்கழியில் நாமக்கல் பஸ்ஸின் ஜன்னலோரம்தான். பிள்ளைகளை முட்டைக் குளிர்கிடங்குக்குக் கூட்டிப்போனபோது உள்ளே கொஞ்ச நேரம் நின்றேன். மூக்கு நுனி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அந்தக் குளிரைத்தான் ஏரிக்கு வைத்திருக்கிறேன். கோழிப்பண்ணை வாசம் வேண்டாமென்றால் நீயே எடுத்துவிடு.

இதற்கே கை வலிக்கிறது. சரித்திரம் பிறகு. வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு இருக்காதே.

அன்புடன்,
அக்கா


மார்கழி, அரையாண்டு விடுமுறை

அன்புள்ள கௌசி,

உன் பதில் வந்தது. உங்கள் மேனேஜர் அம்மாளுக்கு ஏரி பிடித்துப்போய்விட்டது, ஆனால் அதற்குள் பயங்கரமான மிருகம் ஒன்று வேண்டும் என்கிறார், மதகை எடுத்துவிடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். மதகு இல்லாமல் ஏரியா? மழை பெய்தால் கரை உடைந்து போகுமே! எனக்கென்ன, உடையட்டும்.

மிருகம் வேண்டுமென்றால் கெளுத்தி மீன் வைத்துக்கொள். லாரி நீளத்துக்கு ஒரு கெளுத்தி. சுழலுக்குக் காரணமே அதுதான். ஏரி உறைந்தபின் மீசையால் அடியிலிருந்து சுரண்டிக்கொண்டே இருக்கும், மேலே நடக்கிறவர்களுக்கு உள்ளங்காலில் தெரியும். அது ஆளைத் தின்ன வேண்டும் என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்தால், வசூல் பண்ண வருகிறவர்களை மட்டும் தின்னட்டும்.

என் ஆபரேஷனைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். நல்ல ஆஸ்பத்திரியாகப் பார், செலவைப் பற்றிக் கவலைப்படாதே என்று. ஆஸ்பத்திரி நல்லதுதான். செலவுக்கு எனக்கு அரசாங்கக் காப்பீடு இருக்கிறது. நான் கேட்டது அதை இல்லை. உண்மையைச் சொன்னால் போன கடிதத்தில் நான் ஒன்றுமே கேட்கவில்லை, கேட்காமலே உனக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். தை கடைசியிலிருந்து கொஞ்ச நாள் வந்து அம்மாவோடு இருக்க முடியுமா? மூன்று மாதமும் வேண்டாம். நான் எழுந்து நடமாடுகிற வரைக்கும் இருந்தால் போதும், அதற்குள் சௌந்திரமும் திரும்பிவிடுவாள்.

லீவு கேட்கத் தலைமையாசிரியரிடம் போனேன். பொதுத்தேர்வு நேரத்தில் மூன்று மாதமா என்று முதலில் முகம் சுளித்தார். காரணத்தைச் சொன்னதும், “அது ஒண்ணுமில்லீங்க டீச்சர், எங்கூட்ல கூட எடுத்தாச்சு, பத்து நாள்ல தண்ணி தூக்குனாங்க” என்றார். அவர் வீட்டு அம்மாளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. உங்களுக்கென்ன புள்ளையா குட்டியா, ஆற அமரப் பார்த்துக்கலாமே என்றும் சொன்னார். நல்ல மனுஷன்தான். வாய்தான் அப்படி. லீவு கொடுத்துவிட்டார்.

ஏரியின் சரித்திரம் இதுதான்.

ஆதியில் ஏரி உறைந்ததே இல்லை. தென்கரையில் ஒருத்தி இருந்தாள். அவளுடைய தம்பி வெள்ளைக்கல் வெட்ட வடகரைக்குப் போனான். போனபோது ஏரியில் தண்ணீர் இல்லை, நடந்து போய்விட்டான். பிறகு பெருமழை பெய்து ஏரி நிறைந்துவிட்டது, திரும்ப வழி இல்லை. சாயங்காலமானால் கரட்டடியில் அவன் நிற்பது சின்னப் புள்ளியாகத் தெரியும். கூப்பிட்டால் குரல் எட்டாது. அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வீட்டில் மிச்சமிருந்த மோரைக் கொண்டுபோய் ஏரியில் ஊற்றிக் கையால் ஒரு கலக்குக் கலக்கினாள். ஊரே சிரித்தது. அவளுக்கு நல்ல கைராசி. மறுநாள் காலையில் ஏரி தோய்ந்து கெட்டியாக நின்றது. தம்பி நடந்து வந்தான், வயிறாரச் சாப்பிட்டான், பங்குனிக்கு முன்னால் திரும்பிப் போனான்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் இதுவே வழக்கமாகிவிட்டது. ஊருக்கு ருசி தெரிந்துவிட்டது. சந்தை கூடியது, அக்கரைக்குப் பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். ராஜா ஒருத்தன் வந்து, இனி அவள் கை அரண்மனைக்குச் சொந்தம் என்று சொல்லி உறைக்காரி என்று பட்டம் கொடுத்தான். பட்டம் வந்ததும் அவளை ஊரைவிட்டு நகர விடவில்லை. வெயிலில் போனால் கை சூடாகிவிடும், அடுப்பில் நின்றால் ராசி போய்விடும், கல்யாணம் செய்தால் கைவாகு மாறிவிடும் என்று ஆளாளுக்குச் சட்டம் போட்டார்கள். ராஜா செத்தபின் சண்டை வந்தது. வடகரைப் படை உறைந்த ஏரி மேல் நடந்து வந்து தென்கரையைக் கொளுத்தியது. உன்னால்தான் வந்தது என்று பழி அவள் தலையில் விழுந்தது. இனி ஏரியை உறைய வைக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள்.

அவள் சரி என்று தலையாட்டினாள். ஆனால் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும், யாருக்கும் தெரியாமல் உறை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். விடிந்ததும் போய், பாதையில் காலடி இருக்கிறதா என்று பார்ப்பாள். பெரும்பாலும் நாயின் காலடிதான் இருக்கும். இப்போதைய நிலவரம் இவ்வளவுதான். உங்கள் விளையாட்டை இங்கிருந்து ஆரம்பித்துக்கொள்ளச் சொல்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. உன்னைக் குத்திக்காட்ட எழுதியதில்லை சாமி. எழுதும்போது அப்படி வந்துவிட்டது. அழித்து எழுதத் தெம்பில்லை.

நான் கேட்டதற்கு மட்டும் மறக்காமல் பதில் போடு.

அக்கா


தை, பொங்கல் கழிந்து இரண்டு வாரம்

அன்புள்ள கௌசிக்,

பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் படித்தேன். விசா புதுப்பிக்கிற நேரம், இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவானோ மாட்டானோ, விளையாட்டு பங்குனியில்தான் முடியும், ஆபரேஷனை அதற்கப்புறம் தள்ளிவைக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்டுப் பார் என்று எழுதியிருந்தாய்.

கேட்டேன். டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு, முதலில் இந்த அம்மாவுக்கு ரத்தம் ஏற்று என்றார். ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். பள்ளியில் ஆய்வுக்கூட்டம் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

உன் சங்கடம் எனக்குப் புரிகிறது கௌசி. அந்த வேலைக்கு நீ என்ன பாடுபட்டாய் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். உன்மேல் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். இருக்கிறது. நிறையவே இருக்கிறது. களைப்பு அதைவிட அதிகமாக இருப்பதால் கோபத்துக்கு இடமில்லாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

நீ சொன்ன முதியோர் இல்லத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சேலம் போகிற வழியில் இருக்கிறது. குறை சொல்லும்படி இல்லை. சுத்தமாக வைத்திருக்கிறார்கள், வேளைக்குச் சோறு போடுகிறார்கள். கடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். அப்படிப்பட்டவர்களுக்குக் கையைக் கட்டிலோடு துணியால் கட்டிவிடுவோம், வலிக்காதுங்க என்றார்கள். அம்மாவுக்கு வருகிற கை ஒன்றுதான். அதையும் கட்டிவிட்டால் மூக்கு அரித்தால்கூட என்ன செய்வாள்? இருந்தாலும் இடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்தேன். வருகிற வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நீ வந்தால் அம்மா வீட்டில் இருப்பாள். வராவிட்டால் வியாழக்கிழமை அவளைக் கொண்டுபோய் விட வேண்டும்.

சரித்திரம் நன்றாக இருக்கிறது, ஆனால் மேனேஜருக்கு ஒரு சந்தேகம் என்று கடைசியில் எழுதியிருந்தாய். பாதைதான் உறைந்திருக்கிறதே, அவளே ஏன் நடந்து அக்கரைக்குப் போகக் கூடாது என்று கேட்டாராம். கையில் கத்தி ஒன்றும் கொடுத்து அனுப்பலாமாம்.

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மணி அடித்து வகுப்புக்குப் போனபிறகும் அதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஆறுகளைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டேன். அவள் போனால் தென்கரையில் கிழவி ஒருத்தி கட்டிலில் கிடந்து பட்டினியாகச் சாவாள் என்று உங்கள் மேனேஜரிடம் சொல். இன்னொன்றும் சொல். அவளுக்கும் போக ஆசை இருந்தது. கரடு எப்படி இருக்கும், அக்கரையில் என்ன சமைக்கிறார்கள், அங்கிருந்து பார்த்தால் தன் ஊர் எப்படித் தெரியும் என்றெல்லாம் பார்க்க ஆசைதான். நீயும் வாயேன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் மேனேஜர்தான் முதலில் கேட்டிருக்கிறார். முகம் தெரியாத அந்த அம்மாளுக்கு என் நன்றியைச் சொல்.

கத்தி வேண்டாம். இந்த வருஷம் உறைக்காரி உறை ஊற்றவில்லை என்று எழுதிக்கொள்ளட்டும். அவளுக்கும் ஒரு வருஷம் லீவு வேண்டும்.

ஏரிக்கு இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. இனி எழுதப்போவது வீட்டுப் பூகோளம். வந்தால் உனக்குத் தேவைப்படும்.

அம்மாவின் கட்டில் கிழக்கே தலைமாடு வைத்துப் போட்டிருக்கிறது. வலது பக்கம் சுவர். நீ இடது பக்கம் நின்றுதான் பேச வேண்டும். கால்மாட்டில் வலப் பக்கமாகத் தள்ளி நின்று பேசினால் யாரோ திருடன் என்று கத்துவாள். தூக்கும்போது கையைப் பிடித்து இழுத்துவிடாதே, தோள்மூட்டு நழுவிவிடும். அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, உன் முழங்காலை அவள் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, “ஏந்திரிங்க சாமி” என்று சொல். வாங்க, எழுந்திருங்க என்று வேறு எப்படிச் சொன்னாலும் எழ மாட்டாள். சோறு இடது கடைவாயில் ஊட்ட வேண்டும். தண்ணீராக எதைக் கொடுத்தாலும் புரையேறும், கூழைக் கெட்டியாகக் கரைத்துக் கொடு. வலப் பக்கக் கன்னத்துக்குள் பருக்கை தங்கியிருந்தாலும் அவளுக்குத் தெரியாது, விரலை விட்டு எடுத்துவிடு. உன்னைக் கடிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டு வெண்ணிலா வருகிறேன் என்றிருக்கிறாள்.

சில நேரம் திடீரென்று அழுவாள். பயப்படாதே. வாதம் வந்தவர்களுக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கும்தான் காரணமில்லாமல் வருகிறது, அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆபரேஷன் என்றதும் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், அந்த ஒரு கையால் தடவிக் கொடுத்தாள். அப்புறம் சௌந்திரமும் இல்லை, நானும் இல்லை, உங்களை யார் பார்ப்பது என்று கேட்டேன். இல்லத்தைப் பற்றிச் சொல்லத்தான் அப்படிப் பேச்செடுத்தேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. இத்தனை நாளில் அவள் குழறாமல் சொன்ன வார்த்தை அதுதான்.

“அதுக்கென்ன சாமி, கௌசி வாரான்ல” என்றாள்.

சௌந்திரத்தைக் கூப்பிட்டு உன் அறையைக் கூட்டிவிடச் சொன்னாள். போர்வையை வெயிலில் போடச் சொன்னாள். கொடியில் காய்கிறது.

நீ வரவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை கௌசி. எல்லாவற்றையும் நான்தான் சொல்லியிருக்கிறேன். அப்பா போனதை நான்தான் சொன்னேன், அவளுக்கு இனிக் கால் வராது என்பதையும் நான்தான் சொன்னேன். இது ஒன்று மட்டும் என்னால் ஆகாது. வரமாட்டேன் என்பதைச் சொல்வதற்காவது, வியாழக்கிழமைக்குள் நீயே நேரில் வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போ சாமி.

எங்கே இருந்தாலும் நீ நல்லாயிருக்க வேண்டும்.

உன் அக்கா,
வித்யா